பெயர்ப்பலகையில் விடுபட்ட சொல்

இந்தக் கூட்டத்துக்கு வரவே மாட்டேன் என்று நேற்றுவரை சொல்லிவிட்டு, இன்று எல்லோருக்கும் முன்னால் வந்து நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்ட பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! வெயிலைப் பொருட்படுத்தாத பெரியோர்களே! பேச்சு எப்போது முடியும் என்று பொறுமையோடு காத்திருக்கும் தாய்மார்களே! 'சும்மா இந்தப் பக்கமா வந்தேன்' என்ற முகத்தோடு சுவரோரம் நிற்கும் நண்பர்களே! ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் வணக்கம்.

பயப்படாதீர்கள். வகுப்பில் செய்ததுபோல் யாரையும் எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன். ஒரே ஒருவரைத்தான் சொல்வேன். அதுவும் கடைசியில்.

இதோ, என் தலைக்கு மேலே துணி மூடிய பெயர்ப்பலகை. அதன் கீழே ஓர் அறை. அதில் உட்காரப்போகிறவள் நம் தலைவரின் மகள். அவள் படித்தது என்ன? கட்டடப் பொறியியல். பார்த்த வேலை என்ன? பாலம் கட்டும் வேலை. இன்று அவள் யார்? உளவியலாளர். 'அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்காத வாய் இந்தத் தெருவில் உண்டா? பால் வாங்கப் போன வாய் கேட்டது. பல்லைக் கழற்றி வைத்திருந்த வாய்கூடக் கேட்டது! உங்களைச் சொல்லவில்லை அண்ணே, உட்காருங்கள்.

சம்பந்தத்தைச் சொல்கிறேன். பாலம் கட்டும் இடத்தில் ஒரு கிரேன் ஓட்டுநர். ஒரு நாள் வேலை முடிந்தும் கூண்டைவிட்டு இறங்கவில்லை. கீழே நின்று மேலாளர் கத்தினார், "யோவ், இறங்குறியா, சம்பளத்தப் பிடிக்கவா?" இவள் அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியை வாங்கினாள்.

"அண்ணே, மேலேர்ந்து பாத்தா என்ன தெரியுது?"

கருவியில் இரைச்சல் கிளம்பியது. பிறகு குரல் வந்தது. "என் வீட்டு மொட்டமாடி தெரியுது மேடம். தினம் அவ துணி காயப்போடுறது தெரியும். இப்ப கொடி காலியா கெடக்கு."

மனைவி இறந்ததை அவர் வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் கேட்கவுமில்லை. இவள் பேசப் பேச, பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்தார். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட அங்கே எத்தனை பேர்! அந்த மனிதர் எவ்வளவு பாரம் தாங்குவார் என்று கணக்குப் போட எத்தனை பேர்?

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தாள். வேலையை விடப்போகிறேன் என்றாள். அடுத்த வீட்டில் எனக்கு எல்லாம் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை அம்மா, தலைவரின் குரல்வளம் அப்படி!

"கட்டடம் கட்டத் தெரிஞ்ச பொண்ணு, கண்டவன் பொலம்பலக் கேக்கப் போறியா?"

"ஆமாப்பா. அதுக்குப் படிக்கணும்."

"கேக்குறதுக்கு ஒரு படிப்பா? ஒங்க அத்தை படிக்காமலே நாள்பூரா கேக்குறா!"

"அத்தை எங்கப்பா கேக்குறாங்க? அவங்கதான் பேசுறாங்க."

அத்தை இரண்டாம் வரிசையில் இருக்கிறார். வணக்கம் அம்மா.

பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே முதுகலை உளவியலுக்கு ஏற முடியாது, இளங்கலையிலிருந்து வா என்றது கல்லூரி. போனாள். தன்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்ட பிள்ளைகளோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பயிற்சியில் ஒருவர் தன் குடும்பச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். நம் பொறியாளர் என்ன செய்தார்? பென்சிலை எடுத்து, கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, தீர்வையே வரைந்து நீட்டிவிட்டார்! பயிற்சி தந்த அம்மையார் சொன்னார், "அவர் இன்னும் பாதிகூடச் சொல்லலையேம்மா. நீ அதுக்குள்ள கான்கிரீட் ஊத்திட்டியே!"

அழுதாள். ஆனால் ஓடிவரவில்லை. ஊற்றிய கான்கிரீட்டுக்கு நாள்தோறும் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கத் தெரிந்தவள், மனிதருக்காகக் காத்திருக்கவும் கற்றாள். முதுகலை முடித்தாள், பயிற்சி முடித்தாள், இந்த அறையை வாடகைக்குப் பிடித்தாள்.

அப்போதுதான் தலைவர் தன் திறமையைக் காட்டினார். பெயர்ப்பலகை எழுதுபவரை ஓரமாக அழைத்துப் போய், "மனநலம்ங்கிறத விட்டுருப்பா. ஆலோசனை மையம்னு போதும். கீழ இன்ஜினியரிங் பட்டத்தப் பெருசா போடு" என்றார். அப்பா மனம் நோகக்கூடாதே என்று மகளும் வாயை மூடிக்கொண்டாள். ஊரார் மனத்தைத் திறக்கப் படித்தவள்!

பிறகு? வந்தார்கள், சாரைசாரையாக வந்தார்கள்! தண்ணீர்த்தொட்டி ஒழுகுகிறது என்று ஒருவர். மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஒருவர். வரவேண்டியவர்களோ என்னிடம் வந்தார்கள். "சார், என் ஃபிரண்டு ஒருத்தனுக்குத் தூக்கமே இல்ல. அங்க பின்பக்கமா வழி இருக்கா?" எத்தனை பேருக்கு எத்தனை ஃபிரண்டுகள்! இந்தக் கூட்டத்திலும் கண் சிவந்த ஃபிரண்டுகள் சிலர் தெரிகிறார்கள்.

சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு இதையும் கேளுங்கள். போன வாரம் ஒரு பெண் என் வாசலில் நின்றார். "சார், மனசு விட்டுப் பேச இந்தத் தெருவுல ஒரு எடம் இருக்காமே?" கையை நீட்டிக் காட்டினேன். "அதுவா? ரெண்டு தடவ வந்து திரும்பிப் போயிட்டேன் சார். இன்ஜினியர் ஆபீஸ்னு நெனச்சேன்."

திருப்பி அனுப்பியது யார்? பூட்டிய கதவா? கதவு திறந்துதான் இருந்தது. நம் வெட்கம் அனுப்பியது! காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனால் ஊருக்கே சொல்கிறோம். மனம் நொந்தால் மட்டும் பின்வாசல் தேடுகிறோம். அந்தப் பெண் இன்னொரு தடவை வராமலே போய், ஏதாவது ஆகியிருந்தால் நம்மில் யார் பதில் சொல்லியிருப்போம்?

அன்றே தலைவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மகள் பேசினாள். "புதுப் பலகை எழுதச் சொல்லிடுறேன் மாமா. அப்பா கையால தெறக்கட்டும். பெத்தவரே வெக்கப்பட்டா வேற யாரு படியேறுவா? அவரு தெறக்கலன்னா ரூம் சாவிய ஓனர்ட்டயே திருப்பிக் குடுத்துடுறேன்."

சாவி இப்போதும் அவள் கையில்தான் இருக்கிறது. பாருங்கள், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள்!

ஆகவே அண்ணா, எழுந்திருங்கள். நீங்கள் ஒருவர்தான் எழ வேண்டும். கயிறு உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. நானேதான் கட்டினேன்.

எழுந்துவிட்டார்! கைதட்டாதீர்கள், இன்னும் இழுக்கவில்லை... ஆ, இழுத்துவிட்டார்! இப்போது தட்டுங்கள்!

அப்படியே நில்லுங்கள் அண்ணா. அன்று நீங்கள் எடுக்கச் சொன்ன சொல்லிலிருந்து படியுங்கள். என்ன? 'மனநல ஆலோசனை'யா? மகளைத் திட்டும்போது சுவரைத் தாண்டி வந்த குரல் எங்கே போயிற்று? சுவரோரம் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். இன்னும் உரக்க!

கேட்டதா? எனக்கு அது போதும். தலைவருக்கு நன்றி, பொறுத்த தாய்மார்களுக்கு நன்றி, நாளைக் காலை முன்வாசல் வழியாக நுழையப்போகும் அத்தனை ஃபிரண்டுகளுக்கும் என் அன்பான வணக்கம்!