சாம்பியனுக்க முட்டுவலி

இல்ல மைனி, வரமாட்டேன்னு நான் சொல்லல்ல. முட்டு வலியாக்கும். யூனியன் ஆபீஸு மாடியிலல்லா இருக்கு, அந்தப் படி ஏறணும்னா... ஓ, கீழ ஷெட்டுல வச்சா நடத்துகாங்க. செரி. இருங்க, இந்தக் கசேரியில இருங்க. அஜிதா அவளுக்க அம்மை வீட்டுக்குப் போயிருக்கா, எனக்கு ஒரு சாயா போடக்கூடத் தெரியாது. தண்ணி தரட்டா?

நோட்டீஸக் காட்டுங்க. ஞாயித்துக்கிழம காலையில பத்து மணி. சுமட்டுத் தொழிலாளி கோலப்பன் படத்திறப்பு. படத்தைத் திறந்து வைப்பவர், முன்னாள் ஹெவிவெயிட் பாக்சிங் சாம்பியன் விஜய்குமார். அடிச்சே போட்டாங்களா இத? எத்தன? ஐந்நூறா. அப்பம் சாலைக் கம்போளத்துல ஒரு கட விடாமக் குடுத்திருப்பாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் மைனி. கோவமெல்லாம் இல்ல. ஒங்க மேல எனக்கு எப்படிக் கோவம் வரும்.

அப்படிச் சொல்லிக்கிட்டா நடந்தாரு கோலப்பன் அண்ணன்? சாம்பியனுக்க கையால குத்து வாங்கின தாடையாக்கும் இதுன்னு? லாரியில மூட்ட எறக்குத எடத்துல வச்சா? பிள்ளைகள்ட்டயுமா. எனக்குத் தெரியாது மைனி. நான் அந்தப் பக்கமே வாறதில்ல. கம்போளத்துக்கு நடுவுல நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தாருன்னு கேள்விப்பட்டும், அடக்கத்துக்கு வரல்ல. லீவு கிடைக்கல்லன்னு சொல்லிவிட்டேன். லீவு கிடைச்சுது. இங்க, இந்தக் கசேரியிலதான் இருந்தேன்.

அந்த மேட்ச் கத ஒங்களுக்கு எதுவரைக்கும் தெரியும்? அவ்வளவுதானா. செரி, கேளுங்க.

தொண்ணூத்தி ஒண்ணுல எனக்குத் தொண்ணூறு கிலோ. மூணு வருஷமா சாம்பியன். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த வெயிட்டுல எங்கூட எறங்க ஒரு ஆளு கிடையாது. நான் ரிங்குல ஏறுவேன், எதிர்ல காலியா கெடக்கும், ரெஃபரி எனக்க கையத் தூக்குவாரு, மெடல வாங்கிட்டு வீட்டுக்கு வந்து சோறு திம்பேன். மூணு வருஷத்துல போட்டியில ஒருத்தனுக்க மூக்க நான் தொட்டதில்ல. சிரிச்சுக்கிடுங்க, சிரிக்க வேண்டிய காரியந்தான். என்னா ஒடம்பு, இவன் இந்தியாவுக்கு விளையாடுவான்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் கண்ணாடி முன்னால நின்னு நின்னு அத நம்பிட்டேன்.

அந்த வருஷந்தான் ஒரு சர்க்கார் ஜோலிக்கு அப்ளிகேஷன் போட்டேன். ஆளில்லாம ஜெயிச்ச சர்டிபிகேட்டு இங்க வேண்டாம், சண்ட போட்டு ஜெயிச்சதக் கொண்டு வான்னுட்டாங்க. அப்பம் எனக்கு ஒரு எதிராளி வேணும், இல்லியா? நான்தான் கம்போளத்துல தேடிப் போனேன். அண்ணன் ரெண்டு தேங்கா மூட்டய ஒண்ணாத் தூக்கிட்டு வாறாரு. காரியத்தச் சொன்னேன். மொத ரவுண்டுலயே விழுந்துரணும், அதுக்கு ஒரு பிரியாணி, ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. அவரு சிரிச்சிட்டு, விழுகதுக்கு என்னடே கூலின்னு கேட்டாரு. எங்க கோச் ஞானசிகாமணி சாரு மூணு நாளு வச்சு, மூஞ்சிய மறைக்க மட்டும் சொல்லிக் குடுத்தாரு. ஆமா, அந்த ஷூதான். கல்யாணத்துக்கும் அதையா போட்டிருந்தாரு?

பெல்லடிச்சதும் நான் போயி ஒரு குத்து விட்டேன். கொஞ்சம் பலமாத்தான் விட்டேன், ஆளுக பாக்குகாங்கல்லா. அண்ணனுக்கு வலிச்சிருக்கும். வலிச்சா யாருக்கும் கை தானா வருமில்லியா, அப்படி அவருக்க இடது கை வந்துது. பெறகு எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணத் தொறந்தா மேல ஃபேன் சுத்துகு. ரெஃபரி விரலக் காட்டி எண்ணுகாரு. நாலு, அஞ்சு, ஆறு. எப்படியோ எழும்பி நின்னேன், காலு ரெண்டும் எனக்க காலு மாதிரி இல்ல. அண்ணன் சும்மா ஒரு தள்ளு தள்ளியிருந்தாப் போதும், நான் விழுந்திருப்பேன். அவரு கிட்ட வந்து, கிளவுஸுக்குப் பின்னால வாய வச்சு, தம்பி ஒண்ணும் ஆகல்லல்லா, மெள்ள ஒண்ணு தட்டுன்னாரு. தட்டினேன். மல்லாக்க விழுந்தாரு. பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் கண்ணத் தொறக்கல்ல.

இத ஒங்ககிட்டக்கூடச் சொல்லல்லியா? பன்னெண்டு வருஷமா?

எனக்கு ஜோலி கிடைச்சுது. அடுத்த வருஷம் நேஷனலுக்குப் போயி ஒரு நிமிஷத்துல விழுந்தேன். திரும்பி வந்து முட்டு போச்சுன்னு சொன்னேன். பேப்பர்ல எழுதினாங்க, பாவம், பெரிய எடத்துக்குப் போகவேண்டிய பய, முட்டு சதிச்சிட்டுன்னு. எனக்க முட்டுக்கு ஒரு கேடும் இல்ல மைனி. எனக்கு அவ்வளவுதான் வரும். நேத்துகூட ஆபீஸ்ல ஒருத்தன் முட்டு எப்படி இருக்குன்னு கேட்டான், நானும் தடவிக் காட்டினேன்.

பரவாயில்லன்னு சொல்லாதீங்க. அண்ணனும் அப்படித்தான் சொல்லுவாரு, எனக்குத் தெரியும். நான் இன்னும் முடிக்கல்ல. முடிச்ச பெறகும் வரச்சொன்னீங்கன்னா வாறேன். கரையாதீங்க மைனி, கண்ணத் தொடச்சிட்டுக் கேளுங்க.

அன்னைக்கு மேட்ச் முடிஞ்சு சாரு என்னத் தனியாக் கூப்பிட்டாரு. லேய் விஜயா, உனக்க கையில ஒண்ணும் இல்ல, அவனுக்க இடது கை மாதிரி ஒண்ண நான் இருபது வருஷத்துல பாத்ததில்ல, நாளைக்கே அவனக் கூட்டிட்டு வா, நான் படிப்பிக்கேன்னு சொன்னாரு. மறுநாளு கம்போளத்துக்குப் போனேன். என்னக் கண்டதும் அண்ணன் மூட்டய எறக்கி வச்சிட்டு வந்தாரு. தம்பி, சாரு என்னப் பத்தி என்னமும் சொன்னாரான்னு கேட்டாரு. ஆச இருந்துது மைனி, மூஞ்சியிலயே தெரிஞ்சுது. நான் சொன்னேன், அண்ணே, உங்களுக்கு வயசு கடந்துட்டாம், இனி ஒண்ணும் ஆகாதாம், சாரு சொன்னாருன்னு. அப்படியான்னு கேட்டுட்டு அவரு மூட்டயத் தூக்கித் தலையில வச்சாரு. சாருகிட்ட வந்து, அவரு ஊருக்குப் போயிட்டாரு, அட்ரஸ் தெரியாதுன்னு சொன்னேன். சாரு மூணு மாசம் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அண்ணனுக்கு அன்னைக்கு இருபத்தி மூணு வயசு. என்னவிட ஒரு வயசுதான் கூட.