மரக்கறிக்காரன் கொஞ்சினது

ஊரில் சண்டை முடிந்த அடுத்த பனிக்காலம். கனடாவில், டோர்செட் பார்க்கில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த இரண்டு பெண்களில் இளையவர், கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

“அக்கா, என்ரை அம்மாவை மரக்கறிக்காரன் கொஞ்சிறானாம்.”

“எங்கை, யாழ்ப்பாணத்திலையோ?”

“இல்லை, தம்பியிட்டை, புவெனஸ் அயர்ஸிலை. கனடாவுக்கெண்டு வெளிக்கிட்டவனை ஏஜென்சிக்காரன் அங்கை விட்டிட்டு ஓடினவனெல்லே? சண்டை முடிஞ்சு யாழ்ப்பாணப் பாதை திறந்த கையோடை அம்மா அவனைப் பாக்கப் போனவ. அங்கை ஆரைக் கண்டாலும் கன்னத்திலை முத்தம் குடுத்துக் கொஞ்சோணுமாம். வரேக்கையும், போகேக்கையும்.”

“ஐயோ! அம்மா என்ன செய்தவ?”

“முதல் நாள் தம்பியின்ரை வாடகை வீட்டுக்காரன் கிட்ட வர, குடையை விரிச்சு மறைச்சிட்டாவாம்.”

“பிறகு?”

“பிறகு பழகீட்டா. இப்ப தம்பி மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தாக் கோவம் வருதாம். ஒரு தக்காளிக்கும் தானே வெளிக்கிட்டுப் போறாவாம்.”

“உது சரிவராது. உடனை இஞ்சை கூப்பிடு!”

“ஸ்பொன்சர் சரிவந்திட்டுது அக்கா. அறையும் ஒழுங்குபண்ணிப்போட்டு, நேற்றுப் போன் எடுத்துச் சொன்னனான்.”

“என்னவாம்?”

“‘அங்கை வந்தா என்னை ஆர் பிள்ளை கொஞ்சிறது?’ எண்டு கேக்கிறா.”