செவ்வாய்க்கிழமை ஓடாத படகு

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் லாரி உரிமையாளர் ஜீவானந்தம் ஐயா அவர்களே, அடிவாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் மெக்கானிக் நாச்சிமுத்து அவர்களே, மறைந்த மாதம்மாள் அவர்களின் மகனும் நம் படகோட்டியுமான சந்தோஷ்குமார் அவர்களே, அரியூர் நாட்டிலிருந்தும் ஏரியின் எதிர்க்கரைச் சிற்றூரான கீழ்வளவிலிருந்தும் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் ஓரிருவர் இருக்கலாம். என் பெயர் அர்த்தனாரி. இங்கே கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஏரிப் படகுச் சங்கத்தின் செயலாளரும் நான்தான். சங்கத் தலைவர் மாதம்மாள் அவர்களோடு சங்கம் தொடங்கிய நாள் முதல் சண்டை போட்டவன் என்ற தகுதியில்தான் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அழுவதற்கு என்னைவிட உரிமை உள்ளவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் நடந்ததைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

எனக்கு முன் பேசிய ஜீவானந்தம் ஐயா அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார். மாதம்மாள் அவர்களின் படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைத்திருக்கிற மரப்பெட்டியை எல்லோரும் பார்க்கிறீர்கள். அதற்குள் இருப்பது நாற்பது குதிரைசக்தி இஞ்சின். நம் படகில் இப்போது இருப்பது இருபத்தைந்து. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும், அதன் மேல் மாதம்மாள் என்று எழுத வேண்டும், இனி செவ்வாய்க்கிழமையும் படகு ஓட வேண்டும். இது ஐயாவின் விருப்பம். இந்த மலையில் பாதிப் பேரின் விருப்பமும் அதுதான் என்று எனக்குத் தெரியும். சங்கத்தின் பதிலைச் சொல்ல வேண்டியவன் செயலாளர். கடைசியில் சொல்கிறேன்.

மாதம்மாள் அவர்கள் யார்? மிளகும் மரவள்ளியும் போட்டவர். கீழ்வளவிலிருந்து பஸ் ரோட்டுக்கு வர மேட்டைச் சுற்றி அரை நாள் நடந்தவர். நடந்து நடந்து சலித்துப்போய், மகளிர் குழுக்களைத் திரட்டி, தொண்ணூற்றொன்பதில் இந்தப் படகை வாங்க வைத்தவர். பகலில் சுற்றுலாப் பயணிகள் ஏறுவார்கள், காலையும் மாலையும் கீழ்வளவுக்காரர்கள் ஏறுவார்கள் என்ற ஏற்பாட்டைச் செய்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பலாப்பழ மூட்டைகளும் என்னுடைய தபால் பையும் அந்தப் படகில்தான் வந்து போயின.

படகு வந்த முதல் வாரமே அவர் ஒரு சட்டம் போட்டார். செவ்வாய்க்கிழமை படகு ஓடாது. கீழ்வளவுப் பக்கம் கரை சரிவாக இருப்பதால் அங்கே இழுத்து ஏற்றி, இஞ்சினைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுநாள்தான் இறக்க வேண்டும். முருகனுக்கு உகந்த நாள் என்பதால் செவ்வாயா என்று கேட்டேன். “அன்னிக்குத்தானுங்க கூட்டம் கம்மி” என்றார்.

இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நாள் தபால் கிடந்துபோகிறதே என்பது என் கவலை. எல்லோரும் வேகம் கேட்டார்கள். கீழே லாரி கட்டுகிற ஊரான நாமக்கல்லிலிருந்து வருகிறவர்களுக்கு, எந்த வண்டியைக் கண்டாலும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கட்டலாம் என்று கை துறுதுறுக்கும். ஜீவானந்தம் ஐயா சிரிக்கிறார், அவருக்கே தெரியும். படகுக்கு ஏர் ஹாரன் வாங்கி வந்தவர் அவர்தான். அதை மாதம்மாள் அவர்கள் மறுக்கவில்லை. காட்டுப்பன்றி விரட்ட ஆகும் என்று கீழ்வளவுக்கு எடுத்துப் போய்விட்டார்.

சந்தோஷ்குமார் அவர்களும் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து இஞ்சினுக்குத் தண்ணீரைத் தள்ளுகிற பெரிய விசிறி ஒன்றை வரவழைத்து, தாய்க்குத் தெரியாமல் மாட்டினார். தனி ஆளாக ஓட்டிப் பார்த்தபோது படகு பறந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நானே கரையில் நின்று கை தட்டினேன். மறுநாள் பன்னிரண்டு பேரை ஏற்றியதும் படகு எழும்பவில்லை. இஞ்சின் முக்கியது, முனகியது, நகரவில்லை. மாதம்மாள் அவர்கள் திட்டவில்லை. “ஒத்தை ஆளுக்கு ஓட்றதுன்னா இது நல்லாத்தான் இருக்குது கண்ணு. நம்ம ஊட்டுல பன்னெண்டு பேருல்ல?” என்று மட்டும் கேட்டார். அந்த விசிறி இன்றும் அவர் வீட்டுக் களத்தில், மிளகு காயப்போடும் பாய் காற்றில் சுருளாமல் இருக்க மேலே கிடக்கிறது.

அவர் தவறே செய்யாதவரா? செய்தார். இந்த மாதிரி இஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அளவு சொல்லியிருந்தார்கள். இவரோ, கொஞ்சம் கூடவே இருந்தால் இஞ்சினுக்குச் சுகமாக இருக்கும் என்று கை தாராளமாக ஊற்றினார். ஏரி முழுக்கப் புகை. ஏறியவர்கள் எல்லோரும் இருமினார்கள். நாச்சிமுத்து அவர்கள் மலை ஏறி வந்து, கரிப்பிடித்த பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்து, “அம்மணி, இது குழம்புக்குத் தாளிக்கிறதில்லீங்க” என்றார். மூன்று மாதம் அவரோடு பேசவில்லை நம் தலைவர். ஆனால் அளவைக் குறைத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சபை மன்னிக்க வேண்டும். இந்த இஞ்சின் ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, பின்பக்கம் மெல்லிய தாரையாக வெளியே விடும். தாரை நின்றால் இஞ்சின் சூடேறுகிறது என்று பொருள். ஆகவே ஒவ்வொரு முறை படகு கிளம்பும்போதும் கரையிலிருந்து மாதம்மாள் அவர்கள் உரத்த குரலில், “ஏன் கண்ணு, ஒண்ணுக்குப் போவுதா?” என்று கேட்பார். “போவுதும்மா” என்று மகன் பதில் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு ஏறியிருந்தபோது, இன்று ஒரு நாள் கேட்காமல் இருங்கள் என்று நான் கெஞ்சினேன். கேட்டார். அதிகாரியின் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

இப்படித்தான் நம் படகு ஓடியது. வேகமாக ஓடவில்லை. நடு ஏரியில் நின்றதும் இல்லை.

இனி அந்த ஆடி மாதச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இதைப் பற்றி மலை முழுக்க ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நான் கூடவே இருந்தவன். கீழ்வளவுக்குத் தபால் கொடுக்க முதல் நாள் மாலைப் படகில் போய், படகைக் கரையேற்றிவிட்டதால் அங்கேயே தங்கியிருந்தேன்.

கீழ்வளவுக் கரையில் பலா மரத்தடியில் இஞ்சினைச் சாக்கின் மேல் இறக்கி வைத்திருந்தார்கள். அடிப்பாகத்தைக் கழற்றி, வாட்டர் பம்பைப் பிரித்திருந்தார் சந்தோஷ்குமார். உள்ளே இருந்த ரப்பர் சக்கரத்தில் இரண்டு இதழ் கிழிந்திருந்தது. அதை மாதம்மாள் அவர்கள்தான் கண்டுபிடித்து, என்னிடம் தூக்கிக் காட்டினார். “பாத்தீங்களா போஸ்ட்டுமாஸ்டரு? இன்னும் ரெண்டு நாளு ஓட்டியிருந்தா நடுத்தண்ணியில நின்னுருக்கும்” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சொல்லி முடித்த சிறிது நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது.

“வாயுப் பிடிப்புத்தானுங்க” என்றார். நாங்கள் யாரும் நம்பவில்லை. அக்கரை போனால் ஜீப் இருக்கிறது, ஜீப்பில் ஏறினால் செம்மேட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. நடுவில் ஏரி. படகு கரைமேல். இஞ்சின் சாக்கின்மேல்.

புதிய சக்கரத்தைப் போட்டு முறையாக மாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சந்தோஷ்குமார் அவர்கள் வேறு வழி சொன்னார். பம்பை விட்டுவிட்டு, அடிப்பாகத்தை நான்கு போல்ட்டில் அப்படியே முடுக்கிவிட்டால் விரைவில் கிளம்பிவிடலாம். தண்ணீர் ஏறாது. ஆனால் சூடேறி இறுகிப் போவதற்குள் அக்கரை சேர்ந்துவிடலாம்.

“ஒரே ஒரு தடவைதானம்மா. போனா இஞ்சின் போவட்டும்” என்றார் மகன்.

தாய் சொன்ன பதில் இது. “இஞ்சின் போச்சுன்னா நாளைக்கு வளவுல ஒருத்தருக்கு முடியாமப் போனா எதுல ஏத்துவ? எனக்கு வாயுதான் சாமி. துடுப்பை எடு.”

சந்தோஷ்குமார் மறுபடி ஸ்பானரை எடுத்தார். தாய் கண்ணை உருட்டிப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். அந்தப் பார்வையை மீறியவர்கள் இந்த மலையில் யாரும் இல்லை.

படகைத் தள்ளி இறக்கினோம். ஒரு துடுப்பை மகன் பிடித்தார், மறு துடுப்பை நான் பிடித்தேன். ஆடிக் காற்று எதிர்த்து அடித்தது. இஞ்சினில் கால் மணிகூட ஆகாத தூரம், ஒரு மணி நேரம் இழுத்தது. செம்மேடு போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை. அன்று மாலை போய்விட்டார்.

மருத்துவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். “சீக்கிரம் வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம். காப்பாத்தியிருப்பேன்னு சொல்ல மாட்டேன், காப்பாத்த முடியாதுன்னும் சொல்ல மாட்டேன்” என்றார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. இங்கே தெரிந்தது போலப் பேசுகிற யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து இரண்டு பேச்சு கேட்கிறேன். ஊருக்காக உயிரைக் கொடுத்த தியாகி என்று ஒரு பேச்சு. சுவரொட்டியிலும் அப்படித்தான் அடித்திருக்கிறார்கள். சபையோரே, அவர் சாகப் போவதாக நினைக்கவே இல்லை. சுக்குக் கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்று படகில் வரும்போதும் சொல்லிக்கொண்டு வந்தார். இல்லாத பெருமையை அவர் தலையில் ஏற்ற வேண்டாம். இருக்கிற பெருமையே போதும்.

அவர் போட்ட சட்டமே அவரைக் கொன்றுவிட்டது என்பது இன்னொரு பேச்சு. இது பொய் என்று தள்ளிவிட எனக்கு வாய் வரவில்லை. செவ்வாயாக இல்லாமல் திங்களாக இருந்திருந்தால் இஞ்சின் படகில் இருந்திருக்கும். அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சக்கரத்தை நான் கண்ணால் பார்த்தேன். செவ்வாயன்று பிரிக்காமல் விட்டிருந்தால், வியாழனோ வெள்ளியோ நடு ஏரியில் பன்னிரண்டு பேரோடு நின்றிருக்கும்.

ஜீவானந்தம் ஐயா அவர்களே, உங்கள் மனசு பெரிது. பெட்டியைத் திறந்து பார்க்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று நாற்பது குதிரைசக்தி இஞ்சின் இருந்திருந்தால், அதையும்தானே பிரித்துப் போட்டிருப்போம்? பிரித்துப் போட்ட நாற்பதும் பிரித்துப் போட்ட இருபத்தைந்தும் ஒரே வேகத்தில்தானே போகும்? பிரிக்காமலே ஓட்டலாம் என்றால், லாரி வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது எத்தனை நாளைக்கு? போதாததற்கு, நம் படகில் இஞ்சின் மாட்டுகிற பின்பலகை இந்தப் பாரத்துக்குக் கட்டியதில்லை என்று நாச்சிமுத்து அவர்கள் சொல்லிவிட்டார். வேகத்தில் போய்ச் சட்டென்று குறைத்தால் பின்னால் வருகிற அலை பலகைமேல் ஏறி உள்ளே விழும். உள்ளே பிள்ளைகள் இருப்பார்கள்.

அன்று நமக்குக் குறைந்தது வேகம் இல்லை. இன்னொரு இஞ்சின். ஒன்று சாக்கின்மேல் இருக்கும்போது படகில் மாட்ட மற்றொன்று. பதினைந்து குதிரைசக்தி போதும். மெதுவாகப் போனாலும் போகும். ஐயா, இந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படி ஒன்றை மாற்றித் தர வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைச் சட்டம் அப்படியே இருக்கும். சங்கத்தின் பதில் இதுதான்.

ஐயா தலையசைக்கிறார். நன்றி ஐயா.

இன்னும் ஒரு காரியம் பாக்கி. அது ஐயாவிடம் இல்லை. அன்று துடுப்புப் போட்டு வந்த படகு நம் துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. இஞ்சின் கீழ்வளவில் பலா மரத்தடியில், தார்ப்பாயின் கீழ், பிரித்தது பிரித்தபடி கிடக்கிறது. புதிய ரப்பர் சக்கரம் பிளாஸ்டிக் பையைவிட்டு வெளியே வரவில்லை. தாயைக் கரை சேர்க்காத இஞ்சினை இனித் தொடமாட்டேன் என்று சந்தோஷ்குமார் சொல்லியிருக்கிறார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கீழ்வளவு மறுபடியும் மேட்டைச் சுற்றி நடக்கிறது.

மூன்றாவது வரிசையில் தூண் ஓரமாக அருணா உட்கார்ந்திருக்கிறார். கீழ்வளவு. இது அவருக்கு நிறைமாதம். மாதம்மாள் அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று விடியலில் கிளம்பி நடந்து வந்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன மாமியாரிடம், “அவிய இருந்தா எனக்குன்னு ஒரு நா நடக்க மாட்டாங்களா?” என்று கேட்டாராம்.

அன்பார்ந்த சபையோரே, எல்லோரும் எழுந்து நின்று சிறிது நேரம் பேசாமல் இருப்போம். அதன் பிறகு அருணாவைப் படகில் ஏற்றிக் கீழ்வளவில் விடப் போகிறேன். நாச்சிமுத்து அவர்கள் பையில் சாமான்களோடு கூட வருகிறார், பம்பை மாட்ட. மாதம்மாள் அவர்கள் விட்ட வேலையைத் தொடர்வோம் என்று நான் சொல்லக்கூடிய உறுதிமொழி இவ்வளவுதான்.

துடுப்பு ஒன்றை நான் பிடித்துக்கொள்வேன். மறு துடுப்புக்கு ஆள் இல்லை. சந்தோஷ், எழுந்து வாப்பா.