தொலைபேசிக்குக் கண்ணாடிச் சுவர் கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே! குத்தாயிசி நகரத்துப் பெருமக்களே! என் தங்கை லாமராவே!

என் தங்கையின் கணவர், பேராசிரியர் ஓத்தார் ஜோர்பெனாட்ஸே மறைந்துவிட்டார். சோவியத் ஒன்றியம் உடைந்து பிறந்த பதினைந்து நாடுகளையும் ஒப்பிட்டு, எந்த நாட்டுச் சீர்திருத்தம் நிஜம், எது வெறும் பூச்சு என்று சொன்ன மேதை! அந்த ஆராய்ச்சியில் பாதி என்னுடையது. கார் ஓட்டியது யார்? நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் தலைவர்களெல்லாம் எங்கள் காருக்காகத் தெருவில் காத்துக் கிடந்தார்கள்!

அவரோ அவர்களிடம் பேசவே மாட்டார். சந்தையில் நிற்பவரிடம் ஒரே கேள்வி: "உங்க பையனைப் போலீஸ் பிடிச்சா முதல்ல யாருக்கு போன் போடுவீங்க?"

எஸ்தோனியாவில் ஒரு மீன்காரி, "வக்கீலுக்குத்தான். வேற யாருக்கு?" என்று எங்களை முறைத்தாள். கிர்கிஸ்தானில் டாக்சிக்காரர் சிரித்தார்: "முதல்ல மச்சினனுக்கு. அவன் எடுக்கலைன்னா அவன் மச்சினனுக்கு!"

நம் நாட்டில்? உள்ளே நடப்பது ஊருக்கே தெரியட்டும் என்று போலீஸ் நிலையத்துக்கே கண்ணாடிச் சுவர் வைத்தோமே! அந்த வருடம்தான் அவர் மகன் ரேசோ கண்டபடி வண்டி ஓட்டி உள்ளே போனான். என் வீட்டு விருந்தில் மாட்டுக்கொம்புக் கோப்பையில் ஒயின் குடித்த ஒரு போலீஸ் மேலதிகாரிக்குப் போன் போடப் போனேன்.

"மச்சான், போனைக் கீழ வை."

"யோவ், உள்ள இருக்கிறது உன் பையன்யா!"

"நீ பேசினா வந்துடுவான். அப்புறம் நம்ம நாட்டுச் சீர்திருத்தம் நிஜம்னு எழுதினதை நான் கிழிச்சுப் போடணும். சுவருக்குக் கண்ணாடி வெச்சுட்டோம். போனுக்கு எப்ப வைக்கப் போறோம்?"

லாமரா இருவரையும் திட்டித் தீர்த்தாள். ரேசோ விசாரணை முடிந்தே வந்தான். இப்படி ஒரு தகப்பனை எந்த நாட்டில் கண்டீர்கள்?

பெருமக்களே! அவர் அமர்ந்த துறைத்தலைவர் நாற்காலிக்கு நாளை பொதுப் போட்டி. ரேசோவும் நிற்கிறான். கெட்டிக்காரன், ஆனால் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கலாம். ஊரெல்லாம் என்னைக் காட்டி, "வாலிகோ ஒரு போன் போட்டா முடிஞ்சது" என்கிறது. உண்மைதான், முடிந்துவிடும்! என் தங்கையும் கண்ணாலேயே கேட்கிறாள். சற்றுமுன் துணைவேந்தரும் என் காதருகே, "உங்க பக்கத்துலேர்ந்து போன் வரும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.

அழாதே லாமரா. உன் மகன் தோற்றால் அவனுக்கு முதல் கோப்பை ஒயினை நானே ஊற்றிக் கொடுப்பேன். ஓத்தாரின் வேலையைத் தொடருவோம் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். நான் இன்றே தொடங்குகிறேன்.

துணைவேந்தர் அவர்களே, காத்திருக்க வேண்டாம். போன் வராது.