சல்லடையைக் கழுவப் போவது யார்?

அவைக்கு அழகாய், ஆசனத்துக்கு அணியாய், கையில் மணியும் கண்ணில் கனலுமாய் வீற்றிருக்கும் நம் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! நாளெல்லாம் பேருந்து ஓட்டி, ஏறியவர்களை எல்லாம் பத்திரமாய் இறக்கிவிடும் பெருமாட்டியே! வீட்டில் நான் பத்து தடவை கூப்பிட்டாலும் திரும்பாமல், இங்கே 'மாண்புமிகு' என்றதும் இலேசாகத் தலையசைத்த என் இல்லத்தரசியே!

முன்வரிசையில், தாடையைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் என் மாமனார் அவர்களே! ஊரெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்து ஓய்வுபெற்ற உத்தம நடத்துனரே! பெற்றெடுத்த தாய்மார்களே, பெரியோர்களே, என் பேச்சுக்காக வராவிட்டாலும் பேச்சுக்குப் பின் வரும் தேநீருக்காக வந்திருக்கும் தோழர்களே! உங்கள் அனைவரின் திருவடிகளுக்கும், அந்தத் திருவடிகளில் இருக்கும் செருப்புகளுக்கும் என் வணக்கம். செருப்புகளில் பாதி என் கடையில் வாங்கியவை. அந்த உரிமையில் சொல்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'இல்லத்துக்கு ஏற்ற ஜூஸர் எது?' போன மாதம் இதே மேடைக்கு வந்த டாக்டர், "தினமும் பழச்சாறு குடிங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், நாம் மாட்டிக்கொண்டோம். தெருவே இன்று கடை கடையாய் ஜூஸர் பார்த்து அலைகிறது. அதைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? செருப்புக் கடைக்காரனுக்கும் ஜூஸருக்கும் என்ன சம்பந்தம்? ஐயா, ஒரே மாதத்தில் மூன்று ஜூஸர் வாங்கிய மூளை இந்தத் தெருவில் வேறு யாருக்கு இருக்கிறது? எழுந்து நில்லுங்கள் பார்ப்போம்! யாரும் இல்லையே. அப்படியானால் நான்தான் பேச வேண்டும்.

ஆனால் சிரித்துவிட்டு மறந்துபோகும் பேச்சல்ல இது. வாசலைப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கார் நிற்கிறதா? அதற்குள் என் சகலை உட்கார்ந்திருக்கிறார். பின்சீட்டில் மாமாவின் பெட்டி ஏறிவிட்டது. கூட்டம் முடிந்ததும் மாமாவை அவருடைய இளைய மகள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். காரணம் என் வீட்டு ஜூஸர். இந்தப் பேச்சு முடிவதற்குள் அந்தப் பெட்டி கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. மணியில் கை வைக்காதீர்கள் தலைவர் அவர்களே, நான் இன்னும் பழத்தையே தொடவில்லை!

நடந்தது இதுதான். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டப்போன மாமா, பல்பைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு தான் விழுந்துவிட்டார். பல்பு பிழைத்தது, தாடை உடைந்தது. மருத்துவமனையில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி, "இன்னும் சில வாரத்துக்கு எல்லாமே ஸ்ட்ராவுலதான்" என்று அனுப்பிவிட்டார்கள். மென்று தின்ன வழியில்லாத மனிதருக்கு உணவு எது? சாறு! உயிர் எது? சாறு! சாறு எடுக்க வேண்டியது எது? ஆம் அம்மா, பின்வரிசையில் சரியாகச் சொன்னீர்கள், ஜூஸர்!

உடனே ஆண்கள் கூடினோம். நான், என் மைத்துனன், வாய் திறக்க முடியாத மாமா. மைத்துனன் லாரி மெக்கானிக். கடையில் இருந்த ஒவ்வொரு ஜூஸர்மேலும் காதை வைத்துக் கேட்டான். கடைசியில் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மச்சான், இந்த மோட்டார் சத்தத்தக் கேளுங்க, மேட்டுல லோடு வண்டி ஏறுற மாதிரி இருக்கு! இதான் மச்சான்!" என்றான். நானும், 'ஆகா, இவன் அறிவே அறிவு' என்று வாங்கி வந்தேன்.

அன்பர்களே, ஒரு கேரட் போட்டோம். சுவிட்சைத் தட்டினோம். சுழன்றது, சீறியது, சமையலறை மேடையிலிருந்து நடக்கத் தொடங்கியது! நான் ஒருபக்கம் பிடிக்க, மைத்துனன் மறுபக்கம் பிடிக்க, மூடி பறக்க, முகமெல்லாம் கேரட்! எதிர்வீட்டு அம்மா ஓடி வந்து, "ஏங்க, சுவத்த இடிக்கிறீங்களா? சொல்லிட்டு இடிக்கக் கூடாதா?" என்றார். இதோ மூன்றாவது வரிசையில் தலையாட்டுகிறார், கேட்டுக்கொள்ளுங்கள். தம்ளரில் சாறு எவ்வளவு இருந்தது? சுவரில் இருந்ததைவிடக் குறைவு.

இரண்டாவது ஜூஸர் என் தேர்வு. வேகம் வேண்டாம், விவேகம் வேண்டும் என்று, மெதுவாக அரைத்து மெல்லப் பிழியும் வகை வாங்கினேன். சத்தமே இல்லை. சாதுவான இயந்திரம். ஆரஞ்சுச் சுளையைப் போட்டால், 'அவசரமா?' என்று கேட்பதுபோல் சுற்றும். மாமா ஸ்ட்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவர் மாதிரி காத்திருப்பார். ஆனால் சாறு வந்தது! நல்ல சாறு, நுரையில்லாச் சாறு! அதன்பின் கழற்றினோம். திரும்பப் பூட்டினோம். ஒரு பாகம் மிஞ்சியது. "மிஞ்சினா நல்லதுதான் மச்சான், ஸ்பேருக்கு ஆச்சு" என்றான் என் மெக்கானிக் மைத்துனன். அவனிடம் லாரி விடுகிறவர்கள் இனிமேல் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்!

மூன்றாவது, கையால் நெம்பிப் பிழிவது. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். தோள்பட்டை ஒன்று மட்டும் வேண்டும். அது என்னிடம் இல்லை.

இப்போது சொல்லுங்கள் தாய்மார்களே, இந்த மூன்றில் எது நல்ல ஜூஸர்? முதலாவதா? இரண்டாவதா? மூன்றாவதா? ஏன் சிரிக்கிறீர்கள்? ஓகோ. உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆண்கள் பக்கம் மட்டும் இன்னும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதன் பெயர் சல்லடை! ஊசி நுழையாத ஓட்டைகளில் எல்லாம் உள்ளே நுழைந்து, உட்கார்ந்து, உறைந்துபோகும் சக்கை! சாறு குடிக்க ஒரு நிமிடம், சல்லடை கழுவ ஒரு யுகம்! மோட்டாரைக் கேட்டோம், வேகத்தைக் கேட்டோம், விளம்பரத்தைக் கேட்டோம். கழுவப் போவது யார் என்று எவனாவது கேட்டானா? என் கடையில் செருப்பைப் போட்டு நாலடி நடந்து பார்க்காமல் யாரையும் வெளியே விடமாட்டேன். அப்படிப்பட்ட நான், கழுவிப் பார்க்காமல் மூன்று ஜூஸர் தூக்கி வந்திருக்கிறேன்!

காலையில் பிழிவோம். குடிப்போம். ஏப்பம் விடுவோம். எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுவிட்டு, நான் கடைக்கு, அவன் பட்டறைக்கு. விடியும் முன்னே வண்டி எடுக்கப் போன நம் தலைவர் அவர்கள், கைவலி, கால்வலி, கழுத்துவலியோடு வீடு திரும்பினால், தொட்டி நிறைய சல்லடை! சக்கை காய்ந்து சிமெண்ட்! நகத்தால் சுரண்டினார்கள். ஊசியால் குத்தினார்கள். ஒருநாள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "பழத்தப் பிழிய மிஷின் வாங்குனீங்களா, என்னப் பிழிய வாங்குனீங்களா? இனிமே இத நான் தொடமாட்டேன்."

தொடவில்லை. நாங்களும் தொடவில்லை! ஆண் சிங்கங்கள் அல்லவா? ஜூஸர் பரணுக்குப் போனது. மாமாவுக்குப் பால், பால், மறுபடியும் பால். தேய்பிறைபோல் தேய்ந்தார் மனிதர். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இளைய மகள் போன் செய்தார். "அக்கா, அப்பாவ நான் வெச்சுப் பாத்துக்கறேன். இங்க ஆள் வெச்சிருக்கோம்ல" என்றார். அவர்மேல் தப்பில்லை. பெற்ற அப்பா மெலிந்தால் எந்த மகள் பொறுப்பாள்?

இன்று காலை தலைவர் அவர்கள் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பேச்சுக்காகக் கண்ணாடி முன் கையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்கள்: "எங்கப்பா கிளம்புறாரு. நீங்க மேடையில ஜூஸரப் பத்திப் பேசுங்க." சபையோரே, எனக்குச் சுருக்கென்று தைத்தது. எழுதி வைத்த அடுக்குமொழி அத்தனையும் அந்த இடத்திலேயே மறந்துபோனது. இப்போது பேசுவது எல்லாம் வழியில் யோசித்தது.

ஆகவே... மைத்துனனே! மேடைக்கு வா! அந்த இரண்டாவது ஜூஸரைத் தூக்கி வா! மிஞ்சிய பாகத்தையும் கொண்டு வா! தண்ணீர் வாளியை இங்கே வை. மைக் ஒயரைத் தள்ளி வை, பேச்சாளர் பொசுங்கிவிடப் போகிறார்!

பாருங்கள் பெரியோர்களே. இது ஆரஞ்சு, இது கேரட். போடுகிறேன். மெதுவாகத்தான் வரும், திட்டாதீர்கள். வந்துவிட்டது. மைத்துனனே, மாமாவிடம் கொடு, ஸ்ட்ராவோடு. இப்போது மிக முக்கியமான கட்டம். ஏப்பம் விடக்கூடாது! பேப்பர் படிக்கக்கூடாது! சக்கை காய்வதற்குள், இதோ, ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி அப்படியே ஓடவிடுகிறேன். பாதிச் சக்கை தானாக வெளியே வந்தது, பார்த்தீர்களா? கழற்று. பிரஷை எடு. உள்ளிருந்து வெளியே தேய். வெளிச்சத்தில் தூக்கிப் பார். சல்லடை வழியே தலைவர் அவர்களின் முகம் தெரிகிறது. சிரிக்கவில்லை. ஆனால் மணியைக் கீழே வைத்துவிட்டார்கள்!

இல்லத்துக்கு ஏற்ற ஜூஸர் எது? சொல்கிறேன், கேளுங்கள்! கடைக்குப் போனால் மோட்டாரில் காதை வைக்காதே, சல்லடைக்குள் கையை வை! கை நுழையாவிட்டால் காசை நுழைக்காதே! எத்தனை பழம் பிழியும் என்று கேட்காதே, எத்தனை பாகம் கழுவணும் என்று கேள்! ஒரு வாளி தண்ணீர் வாங்கி அங்கேயே கழுவிப் பார்! வாங்குகிறவன் எவனோ அவனே கழுவட்டும்! குடிக்கிறவன் எவனோ அவனே துடைக்கட்டும்! அந்த மனம் இருந்தால் எந்த ஜூஸரும் நல்ல ஜூஸர்! அந்த மனம் இல்லையா? ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டுப் போ, தாடை நன்றாகத்தானே இருக்கிறது!

மாமா, நம் வீடு உங்கள் மகள் வீடு. இனி இந்தக் கம்பி கழற்றும்வரை, கழற்றிய பிறகும், காலை ஒரு தம்ளர், மாலை ஒரு தம்ளர். பிழிவது நான், கழுவுவது நான். எதிர்வீட்டு அம்மா சாட்சி, இந்தத் தெரு சாட்சி. போகாதீர்கள் மாமா. நீங்கள் போனால் உங்கள் மகள் தாங்கமாட்டாள். நானும்தான்.

என்ன சத்தம்? சகலை ஹாரன் அடிக்கிறார். நேரமாகிவிட்டதாம். மாமா எழுந்துவிட்டார். தம்ளரைக் கீழே வைக்கிறார், காலி. சட்டைப்பைக்குள் கையை விடுகிறார்... ஐயா, விசில்! ஓய்வுபெற்றும் ஒப்படைக்காத நடத்துனர் விசில்! தாடைதானே கட்டியிருக்கிறது, உதடு இருக்கிறதே! ஊதுகிறார்!

ஒன்று. ஒரே ஒரு விசில்.

பொறுங்கள், பொறுங்கள், இன்னொன்று வருகிறதா? வரவில்லை! பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு விசில் என்றால் வண்டி போகலாம். ஒரு விசில் என்றால்? உரக்கச் சொல்லுங்கள்! ஆம், நிறுத்து! இறங்க ஆள் இருக்கிறது! சகலை எஞ்சினை அணைத்துவிட்டார். தலைவர் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைக் கேட்கிறார்கள். இதோ தருகிறேன்... அவர்களுக்கு எதற்கு மைக், நானே சொல்கிறேன். "அப்பா பெட்டிய இறக்கி நம்ம வீட்டுல வைங்க" என்கிறார்கள். இன்னும் ஏதோ சொல்கிறார்கள். என்னம்மா? "பேசினது போதும், மூடிய இன்னும் கழுவல" என்கிறார்கள்.

தலைவரின் ஆணையை ஏற்று, பொறுமை காத்த தாய்மார்களுக்கும், தேநீருக்குக் காத்த தோழர்களுக்கும், விசிலடித்து என்னைக் காத்த மாமாவுக்கும் ஈரக்கையோடு நன்றி கூறி இறங்குகிறேன். வணக்கம்! மைத்துனனே, நழுவாதே, அந்த மூடியை எடு.