வாடகை வீட்டு நூல்கட்டு

பாறசாலையில் புறப்பட்ட பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"மக்கா, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இன்சூரன்ஸைக் குறைச்சாச்சு."

"எப்படி அண்ணே?"

"குடியிருக்கவன் பாலராமபுரம் தறிக்காரனுக்கு உள்ள நூல்கட்டை அடுக்கி வச்சிருந்தான். தீப்பிடிக்கிற சாமான், காசு கூடுதல் கெட்டணும்னு ஏஜென்ட் சொன்னான். எல்லாத்தையும் எனக்க வீட்டுக்கு மாத்தியாச்சு."

"அங்க எடம் ஏது?"

"அடுக்களையில ஆக்கும். சூடு உண்டுல்லா, நூலுல ஈரம் பிடிக்காது."

"அய்யோ! அண்ணி எரிக்கது விறகடுப்புல்லா?"

"அதுக்கென்ன? அவ ஒரு கண்ணு வச்சுக்கிடுவா."

"உங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டா?"

உதியன்குளங்கரையில் இறங்க எழுந்த பெரியவர், அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"எலே, அதை வாடகைக்கா விட்டிருக்கு?"