பி ஷிப்ட் பாப்பாவுக்கு ஒரு டேக்

அளவாகப் பேசு என்று அன்போடு மிரட்டிவிட்டு அவைக்குத் தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவி நஞ்சம்மா அவர்களே! முன்வரிசையை முழுசாய் நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் நாளைய ஷிப்டுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் நின்று விசிலடிக்கும் என் வகுப்புத் தோழன் கோபியே! பன்னிரண்டாம் வகுப்புக் கவிப்ரியாவின் பணிவான வணக்கம்.

ஓசூரில் சங்கிலி இல்லாத கழுத்து உண்டு. கம்பெனி டேக் இல்லாத கழுத்து உண்டா? அந்த டேக் நீங்கள் யாரென்று சொல்கிறது. நானும் கோபியும் நடத்தும் தளத்திலோ, ஒவ்வோர் இணையச் சேவைக்கும் அதைப் பயன்படுத்தியவர்களே டேக் மாட்டலாம். உங்கள் டேக்கை எச்.ஆர். எழுதுகிறார், இதை நீங்களே எழுதலாம். தமிழோ, கன்னடமோ, தெலுங்கோ, வாயில் வரும் சொல்லே போதும். அதே சொல்லை இன்னொருவர் எழுதித் தேடினால், அந்தச் சேவை வந்து நிற்கும்.

என்ன கோபி? கெட்ட வார்த்தையும் போடலாமா? தாராளமாய்ப் போடு. உன் அம்மா மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்.

எதற்கு இந்த வேலை? எங்கள் அடுத்த வீட்டு ரூபா அக்காவைக் கேளுங்கள். பேறுகால விடுப்பு முடிந்து, திங்கட்கிழமை பி ஷிப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மதியம் போனால் இரவுதான் திரும்ப முடியும். கணவர் முனிராஜ் மாமாவுக்கும் அதே ஷிப்ட். குழந்தையை யார் பார்ப்பது? அக்கா காப்பகம் தேடினார்; கைவிரல் தேயத் தேடினார்; கண் கலங்கத் தேடினார். மாமா சொன்னார்:

"விட்ரு ரூபா. பாப்பாவ பர்கூர்ல எங்கக்கா கிட்ட விட்டுரலாம்."

"பால் குடிக்கிற புள்ளய்யா அது! பஸ்ல போட்டு அனுப்ப பார்சலா?"

இணையத்தில் ஒரு சேவை இருக்கத்தான் செய்தது. அதன் திருநாமம், 'பணிபுரி மகளிர் மழலையர் பகல்நேரப் பராமரிப்பு மையத் தேடல் சேவை'. படித்து முடிப்பதற்குள் பாப்பா பள்ளிக்கூடம் போய்விடும்! 'பகல்நேரம்' என்பதைப் பார்த்ததும் அக்கா மூடிவிட்டார். பி ஷிப்ட்காரர் யார்தான் மூடமாட்டார்?

வேறு வழியின்றி, ஞாயிறன்று பர்கூருக்கு அனுப்ப பாப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்கிட்ட சொல்ற மாதிரி எங்க சைட்ல எழுதிப் பாரு."

"உங்க சைட் என்னாடி என் நாத்தனாரா, உக்காந்து பொலம்ப?"

முறைத்துக்கொண்டே எழுதினார்: 'பி ஷிப்ட் பாப்பா'.

வந்து நின்றது அதே சேவை! அதே நீளப் பெயர்! அதன் கீழே யாரோ ஒரு தாய் மாட்டிய டேக்குகள்: 'பி ஷிப்ட் பாப்பா', 'நைட் வரைக்கும் பாத்துக்குவாங்க'. உள்ளே போனால், இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பகம். ஓடினோம். இடம் இருந்தது.

யார் அந்தத் தாய்? ஊர் பேரிகையா, தேன்கனிக்கோட்டையா? தெரியாது. தமிழா, தெலுங்கா? தெரியாது. தான் அழுததை இன்னொருத்தி அழக்கூடாதென்று, போகிற போக்கில் நாலு சொல் விட்டுப் போனாளே, அவளுக்கு எந்த மேடையில் சால்வை போர்த்துவது?

தலைவி அம்மா, மணியில் கை வைக்காதீர்கள். முடிக்கிறேன்.

திங்களன்று பாப்பாவை விட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் அமர்ந்து, ரூபா அக்காவும் ஒரு டேக் மாட்டினார். தன் பிறந்த வீட்டுக் கன்னடத்தில், 'அம்மா பர்த்தாளெ'. அம்மா வருவாள்.

நாளை தேடப்போகும் ஒருத்திக்கு உங்களிடமும் ஒரு சொல் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் அதை மாட்டிவிடுங்கள். கேட்ட செவிகளுக்கு நன்றி; சொல்லப்போகும் விரல்களுக்கு வணக்கம்!